20,000 ரூபாயில் 30 நாள் இந்தியா சுற்றலாம்... ஆனா உங்க நிஜமான பில் எவ்வளவு?

நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "சார், பத்தாயிரம் ரூபாயில ஒரு மாசம் இந்தியா சுத்தினேன்னு வீடியோ போடறாங்களே, அது நிஜமா? சம்பளத்துல இருக்கிற நம்மளால முடியுமா?"

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், நிஜம்தான். அன்ரிசர்வ்டு கோச்சுல போய், குருத்வாராவுலயும் சத்திரத்துலயும் தங்கி, அன்னதானம் சாப்பிட்டா, அந்தத் தொகையில சமாளிக்கிறவங்க இருக்காங்க.

இரண்டாவது கேள்விக்குத்தான் கணக்கு வேணும். வீடியோ போடுறவருக்குப் பயணம்தான் வேலை. உங்களுக்கு வேலை மெப்ஸ்லயோ, பெருங்களத்தூர் ஐ.டி. பார்க்லயோ, ஒரகடத்துலயோ இருக்கு. நீங்க ஊர்ல இல்லாத மாசத்துலயும் பி.ஜி. வாடகை, பைக் இ.எம்.ஐ., வீட்டுக்கு அனுப்புற பணம் எதுவும் லீவு எடுக்காது. லீவு எடுக்கிறது உங்க சம்பளம் மட்டும்தான்.

அதனால இன்னைக்கு பேக்பேக்கிங்கை ஒரு ஆடிட்டர் பார்வையில் பார்க்கப் போறோம். எங்கே பணம் போகுது, எங்கே நிஜமா மிச்சம் பிடிக்கலாம், எங்கே மிச்சம் பிடிச்சா ஆபத்து, இந்த மூணும்தான் விஷயம்.

ஒரு பயணம், மூணு பில்

சம்பளக்காரர் ஒருத்தர் நீண்ட பயணம் போனா மூணு பில் வரும்.

1. ரோடு பில்: டிக்கெட், தங்கல், சாப்பாடு, உள்ளூர் பஸ். வீடியோவுல காட்டுறது இது மட்டும்தான்.

2. வீட்டு பில்: நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் போகிற நிலையான செலவுகள். இது பயணத்தோட செலவு கிடையாது. ஆனா அந்த மாசம் கணக்குல பணம் இல்லைன்னா இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகும், சிபில் ஸ்கோர் அடி வாங்கும்.

3. லீவு பில்: கையில இருக்கிற லீவு தீர்ந்ததும் வெட்டுற சம்பளம், அதாவது லாஸ் ஆஃப் பே. பெரும்பாலானவங்க கணக்குல எடுக்காத பில் இதுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கையில் 36,000 ரூபாய் சம்பளம் வாங்குற ஒருத்தர். குரோம்பேட்டையில் பி.ஜி.யில் இருக்கார். வாரத்துக்கு அஞ்சு நாள் வேலை. வருஷத்துக்கு 12 நாள் இ.எல்.

அவரோட வீட்டு பில்:
- பி.ஜி. வாடகை, சாப்பாட்டோட: 8,000
- வீட்டுக்கு அனுப்புறது: 8,000
- பைக் இ.எம்.ஐ.: 3,500
- எஸ்.ஐ.பி.: 3,000
- போன், இன்சூரன்ஸ்: 1,500
- மொத்தம்: 24,000

30 நாள் பயணத்துக்கு ரோடு பில், ரொம்பக் கறாரா போட்டா:
- ரயில், நீண்ட தூர பஸ்: 4,000
- உள்ளூர் பஸ், ஷேர் ஆட்டோ: 2,000
- தங்கல் (8 இரவு ரயிலில், 10 இரவு தர்மசாலையில் 150 ரூபாய் வீதம், 12 இரவு டார்மிட்டரியில் 400 ரூபாய் வீதம்): 6,300
- சாப்பாடு, ஒரு நாளைக்கு 200: 6,000
- நுழைவுக் கட்டணம், கிளாக் ரூம், மருந்து, துணி துவைக்க: 2,200
- மொத்தம்: 20,500

லீவு பில்: 30 நாள்ல சுமார் 22 வேலை நாள். இ.எல். 12 போனா 10 நாள் எல்.ஓ.பி. ஒரு நாள் சம்பளம் 36,000 வகுத்தல் 30, அதாவது 1,200. பத்து நாளுக்கு 12,000 போச்சு. பி.எஃப். பங்களிப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆக, "20,500 ரூபாய் டிரிப்" உண்மையில் 32,500 ரூபாய் டிரிப்.

இன்னொரு விஷயம் கவனிங்க. வெட்டு எப்போ விழுது? பயணம் போற மாசம் கையில போன மாசத்து முழுச் சம்பளம் இருக்கும், ஜாலியா இருக்கும். திரும்பி வந்த பிறகு வர்ற சம்பளம்தான் 24,000. அவரோட வீட்டு பில்லும் 24,000. பெட்ரோலுக்கும் டீக்கும்கூட ஒரு ரூபாய் மிஞ்சாது. அந்த மாசம்தான் கிரெடிட் கார்டு வெளியே வரும். பேக்பேக்கிங் கடன்ல மாட்டுறவங்க பலர் ரோட்டுல மாட்டுறதில்ல, திரும்பி வந்த மாசத்துலதான் மாட்டுறாங்க.

மலிவான டிக்கெட் காலண்டர்ல இருக்கு

இப்போ அதே ஆள் 30 நாளுக்குப் பதிலா 18 நாள் போறார்னு வைங்க. சனிக்கிழமை கிளம்பினா: சனி-ஞாயிறு, அஞ்சு வேலை நாள், மறுபடி சனி-ஞாயிறு, அஞ்சு வேலை நாள், சனி-ஞாயிறு, இன்னும் ரெண்டு வேலை நாள். மொத்தம் 18 நாள். செலவான இ.எல். சரியா 12. எல்.ஓ.பி. பூஜ்யம். ரோடு பில் அதே விகிதத்துல சுமார் 12,300.

18 நாளுக்கு 12,300. 30 நாளுக்கு 32,500. அதாவது கடைசி 12 நாளுக்கு மட்டும் 20,200 ரூபாய். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1,680! முதல் 18 நாள் ஒரு நாளைக்கு 680 ரூபாய்தான். அதே டார்மிட்டரி, அதே 200 ரூபாய் சாப்பாடு, ஆனா விலை ரெண்டரை மடங்கு.

அதனால சாப்பாட்டுல 50 ரூபாய் குறைக்கிறதுக்கு முன்னாடி காலண்டரை எடுங்க.

- ஆயுத பூஜை, விஜயதசமி மாதிரி சேர்ந்து வர்ற விடுமுறைகளை நடுவுல வர்ற மாதிரி பிளான் பண்ணுங்க. மேலே சொன்ன கணக்குல மூணு அரசு விடுமுறை உள்ளே வந்தா 12 இ.எல்.லிலேயே 23 நாள் கிடைக்கும்.
- இ.எல். அடுத்த வருஷத்துக்கு கேரி ஃபார்வர்டு ஆகுமான்னு ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க. ஆகும்னா ரெண்டு வருஷத்து 24 நாளை வச்சு 30 நாள் பயணமே எல்.ஓ.பி. இல்லாம முடியும். ஒரு வருஷம் பொறுத்ததுக்கு 12,000 ரூபாய் பரிசு.
- சாண்ட்விச் பாலிசி இருக்கான்னு பாருங்க. சில கம்பெனிகள்ல லீவுக்கு நடுவுல வர்ற சனி ஞாயிறையும் லீவா எண்ணுவாங்க. இருந்தா மேலே சொன்ன கணக்கு மொத்தமா மாறிடும்.
- ஒரகடம், மறைமலைநகர் பக்கம் ஆறு நாள் வேலைன்னா 12 இ.எல்.லுக்கு 15 நாள்தான் கிடைக்கும். அதுவே போதுமான பயணம்தான்.

ரயில்: தெரிஞ்சா பணம் மிச்சமாகுற விதிகள்

தாம்பரம்காரங்களுக்கு ஒரு பெரிய வசதி, எழும்பூர், சென்ட்ரல் போகாமலே கிளம்பலாம். நாகர்கோவிலுக்கு முழுக்க அன்ரிசர்வ்டு பெட்டிகளோட அந்த்யோதயா எக்ஸ்பிரஸ், ஹைதராபாத்துக்கு சார்மினார், அஸ்ஸாமுக்கு வாராந்திர ரயில் எல்லாமே இங்கிருந்தே புறப்படுது. புதிய பாம்பன் பாலத்தோட 2025 ஏப்ரல் 6-ல தொடங்கின ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் நம்ம தாம்பரம் வண்டிதான். தென்மாவட்ட அரசு பஸ்ஸுக்கு கிளாம்பாக்கமும் பக்கம்.

இப்போ விதிகள்.

ஒண்ணு, நீண்ட டிக்கெட் மலிவு. ரயில் கட்டணம் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு விலை குறையற மாதிரிதான் அமைச்சிருக்காங்க. 500 கி.மீ. டிக்கெட் ரெண்டு எடுக்கிறதை விட 1,000 கி.மீ. டிக்கெட் ஒண்ணு மலிவு. அதோட ஸ்லீப்பருக்கு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ரிசர்வேஷன் 20 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட்டுன்னா 30 ரூபாய் தனி. துண்டு துண்டா எடுத்தா இதுவும் துண்டு துண்டா சேரும்.

ரெண்டு, பிரேக் ஜர்னி. 500 கி.மீ.க்கு மேல உள்ள டிக்கெட்டுல, முதல் 500 கி.மீ. தாண்டின பிறகு வழியில இறங்கி ரெண்டு நாள் தங்கிட்டு அதே டிக்கெட்டுல தொடரலாம். இறங்குற நாளும் ஏறுற நாளும் அந்த ரெண்டு நாள்ல சேராது. 1,000 கி.மீ. வரை ஒரு தடவை, அதுக்கு மேல ரெண்டு தடவை. தாம்பரத்துல இருந்து நாகர்கோவிலுக்கு எடுத்தா மதுரையில இந்த வசதி கிடைக்காது, மதுரை 500 கி.மீ.க்கு உள்ளேயே வந்துடும். திருநெல்வேலியில இறங்கலாம். இறங்கின ஸ்டேஷன்ல டிக்கெட்டுல எழுதி வாங்கணும், அதனால கவுன்ட்டர் டிக்கெட்டா எடுங்க, எடுக்கும்போதே சொல்லிடுங்க. ராஜதானி, சதாப்தி வகை ரயில்களுக்கு இது கிடையாது.

மூணு, சுற்றுப் பயண டிக்கெட். கிளம்பின ஸ்டேஷனுக்கே திரும்பி வர்ற மாதிரி ஒரு வட்டப் பாதை போட்டா, ஒரே டிக்கெட்டுல எட்டு இடம் வரைக்கும் இறங்கி ஏறலாம். மொத்த தூரத்தை ரெண்டா வகுத்து, ரெண்டு நீண்ட பயணத்துக்கான கட்டணம்தான் வாங்குவாங்க. முதல் விதியில சொன்ன மலிவு முழுசா இங்கே கிடைக்குது. இது ஆன்லைன்ல ஒரு கிளிக்குல வர்றது இல்ல. பாதையை எழுதி எடுத்துட்டு கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துலயோ பெரிய ஸ்டேஷன்லயோ கேட்கணும். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ரிசர்வேஷன் தனியா போடணும். ரெண்டு நாள் அலைச்சல்தான், ஆனா 15 நாளுக்கு மேல போறவங்களுக்கு அந்த அலைச்சல் மதிப்புள்ளது.

நாலு, முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்கும். 2024 நவம்பர் 1-க்கு முன்னாடி 120 நாளா இருந்தது. இன்னும் பழைய நினைப்புல இருக்காதீங்க. லீவு அப்ரூவலும் டிக்கெட் தேதியும் ஒரே வாரத்துல முடியணும்.

அஞ்சு, தட்கலை பட்ஜெட்டுல சேர்க்காதீங்க. ஸ்லீப்பருக்குக் கூடுதலா 100 முதல் 200 ரூபாய் வரை ஆகும், கன்ஃபர்ம் ஆன தட்கலை நீங்களா ரத்து பண்ணினா ஒரு ரூபாய் திரும்பாது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோட ஸ்லீப்பர்ல ஏறலாம்ங்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க, 2025 மே மாசத்துல இருந்து கெடுபிடி.

டிக்கெட் இல்லாம போறதை "ஹேக்"னு சொல்ற வீடியோக்களும் இருக்கு. பிடிபட்டா டிக்கெட் கட்டணத்தோட குறைஞ்சது 250 ரூபாய் கூடுதல். அதைவிட முக்கியம், ரயில் விபத்துல பயணி இறந்தா குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்க சட்டத்துல வழி இருக்கு. அந்த வழக்குல நீங்க முறையான பயணின்னு நிரூபிக்கிற முதல் சான்று அந்த டிக்கெட்தான். 200 ரூபாய் மிச்சம் பிடிச்சு 8 லட்சத்தைக் கேள்விக்குறி ஆக்காதீங்க.

தங்கலும் சாப்பாடும்: நம்ம ஊர்ல இது புதுசு இல்ல

பேக்பேக்கர் ஹாஸ்டல்னு இப்போ சொல்றோம். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடந்து போனவங்களுக்காக வழி நெடுக சத்திரம் கட்டின ஊர் நம்மளது. தஞ்சை மராத்திய மன்னர்கள் ராமேஸ்வரம் பாதையில கட்டின ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் இன்னைக்கும் நிக்குது. காசியில நகரத்தார் சத்திரம் இன்னும் இயங்குது. வடலூர்ல வள்ளலார் 1867-ல ஏத்தின அடுப்பு இன்னும் அணையல. பணம் இல்லாதவனும் தூரம் போகலாம்ங்கிற ஏற்பாட்டை நம்ம முன்னோர் எப்பவோ பண்ணிட்டாங்க.

இப்போ உங்களுக்குக் கிடைக்கிறது:

- இரவு ரயில்: ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் மாதிரி சாயங்காலம் ஏறி காலையில இறங்குற வண்டிதான் உங்க மலிவான லாட்ஜ். ஆனா தொடர்ந்து ரெண்டு இரவுக்கு மேல வேண்டாம். மூணாவது நாள் உடம்பு கேட்காது, களைப்புல ஓட்டலுக்கு 1,500 கொடுத்துடுவீங்க.
- ரயில்வே ஓய்வறை, டார்மிட்டரி: கன்ஃபர்ம் அல்லது ஆர்.ஏ.சி. பி.என்.ஆர். இருந்தா ஐ.ஆர்.சி.டி.சி.யிலேயே புக் பண்ணலாம்.
- யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் உறுப்பினர் ஆனா பல ஊர்கள்ல மலிவுத் தங்கல் கிடைக்கும். சென்னையில அடையார் இந்திரா நகர்லயே ஒண்ணு இருக்கு.
- குருத்வாரா: அமிர்தசரஸ் பொற்கோயில்ல லங்கர் சாப்பாடு எல்லாருக்கும் இலவசம், யாத்ரீகர்களுக்குத் தங்க இடமும் உண்டு. தலையை மூடணும், புகையிலை, மது கூடாது. பாத்திரம் கழுவ ஒரு மணி நேரம் கை கொடுத்துட்டு வாங்க.
- அன்னதானம்: ஸ்ரீரங்கம், பழனி, திருச்செந்தூர், சமயபுரம், திருத்தணி கோயில்கள்ல நாள் முழுக்க அன்னதானத் திட்டம் இருக்கு.
- அம்மா உணவகம்: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3.
- ஸ்டேஷன்ல ஜெனரல் கோச் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல 20 ரூபாய் எகானமி மீல் கேளுங்க. ரயில் நீர் லிட்டர் 14 ரூபாய்தான், 20 கேட்டா கொடுக்காதீங்க.

ஒரு நேர்மையான பேச்சு. அன்னதானமும் லங்கரும் பசிச்சவங்களுக்கும் பக்தர்களுக்கும் யாரோ கொடுத்த காசுல நடக்குது. 36,000 சம்பளம் வாங்குற நாம சாப்பிடலாம், தப்பில்ல. உண்டியல்ல ஒரு சாப்பாட்டு விலையைப் போட்டுட்டு வாங்க. உங்க பட்ஜெட்டுல "காணிக்கை 500"னு ஒரு வரி இருக்கட்டும்.

பெண்களுக்குத் தனியா ஒரு வரி. தமிழ்நாட்டுல சாதாரண நகரப் பேருந்துகள்ல உங்களுக்குக் கட்டணம் இல்ல, உள்ளூர் போக்குவரத்து கணிசமா குறையும். ஆனா ராத்திரி 11 மணிக்குப் புது ஊர்ல இறங்குற மலிவான ரயிலை விட, 200 ரூபாய் கூட ஆனாலும் காலையில இறங்குற ரயிலை எடுங்க. ரோடு பில்லுல 20 சதவீதம் கூடுதலா போடுங்க. அது ஆடம்பரம் கிடையாது, பாதுகாப்புச் செலவு. ரயில்ல எந்தப் பிரச்சினைக்கும் 139.

குறைக்கவே கூடாத இடங்கள்

*இன்சூரன்ஸ்.* ஐ.ஆர்.சி.டி.சி.யில ரிசர்வ்டு டிக்கெட் போடும்போது 45 பைசாவுக்கு விபத்துக் காப்பீடு ஒரு டிக் பாக்ஸா வரும். மரணத்துக்கு 10 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. டிக் பண்ணினா மட்டும் போதாது, பிறகு வர்ற லிங்க்ல நாமினி பெயரைப் போடணும். அன்ரிசர்வ்டு டிக்கெட்டுக்கு இந்த வசதி இல்ல.

கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸ் லீவுல இருக்கும்போதும் பொதுவா தொடரும். கிளம்புறதுக்கு முன்னாடி இ-கார்டை டவுன்லோட் பண்ணி, போற ஊர்ல எந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்ல இருக்குன்னு பார்த்து வச்சுக்கோங்க.

*பணப் பாதுகாப்பு.* சம்பள அக்கவுன்ட்டை யு.பி.ஐ.யில இணைச்சுட்டு ஊர் சுத்தாதீங்க. தனியா ஒரு சேமிப்புக் கணக்கு, அதுல வாரத்துக்கு வேண்டிய 5,000 மட்டும். போன் தொலைஞ்சாலும் நஷ்டம் அதோட நிக்கும். பையில ஒரு இடத்துல 1,000 ரூபாய், உடம்போட 1,000 ரூபாய் ரொக்கம் பிரிச்சு வைங்க. போன் போனா முதல் வேலை சிம்மை பிளாக் பண்றது, அடுத்தது பேங்க். பிறகு சஞ்சார் சாத்தி தளத்துல போனையே முடக்கலாம். பண மோசடின்னா உடனே 1930.

*திரும்பி வர்ற பணம்.* வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னு போன் வந்தா, எந்த ஊர்ல இருந்தாலும் அன்னைக்கே கிளம்பற அளவுக்கு ஒரு 7,500 தனியா. இதைத் தொடாம திரும்பினா அதுதான் அடுத்த டிரிப்புக்கு முதல் போடுற பணம்.

எல்.டி.ஏ. கிடைக்குமா சார்?

சம்பளத்துல எல்.டி.ஏ. இருக்கிறவங்க எல்லாரும் இதைக் கேட்கிறாங்க. நான்கு காலண்டர் வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு வரி விலக்கு உண்டு. இப்போதைய பிளாக் 2026 முதல் 2029 வரை. ஆனா இந்தியாவுக்குள்ள மட்டும், லீவு எடுத்துப் போனா மட்டும், டிக்கெட் கட்டணத்துக்கு மட்டும். சாப்பாடு, தங்கல் எதுவும் சேராது. சுத்தி சுத்திப் போனாலும் மிகத் தொலைவான இடத்துக்கு நேர்வழிக் கட்டணம்தான் கணக்கு. எல்லாத்துக்கும் மேல, இது பழைய வரி முறையில மட்டும்தான்.

4,000 ரூபாய் டிக்கெட்டுக்கு எல்.டி.ஏ. கிளெய்ம் பண்ணணும்னு பழைய முறையில உட்காராதீங்க. புதிய முறையில 12 லட்சம் வரை ரிபேட், 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், ஆக 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்ல. இந்தக் கட்டுரை படிக்கிற பெரும்பாலானவங்களுக்கு எல்.டி.ஏ. பத்தி யோசிக்கவே வேண்டாம்.

கடன் வாங்கி, வேலையை விட்டு... போகலாமா?

கொச்சியில டீக்கடை நடத்தின விஜயன்-மோகனா தம்பதியைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. டீ வித்த காசுல 26 நாடு பார்த்தவங்க. "அவங்களே லோன் போட்டுத்தானே போனாங்க"ன்னு உதாரணம் காட்டுறாங்க. ஆமா, போட்டாங்க. ஆனா தினமும் 300 ரூபாய் எடுத்து வச்சு, கடை வருமானத்துல ஒரு கடனை அடைச்ச பிறகுதான் அடுத்த பயணம். அந்த 300 ரூபாய்ப் பழக்கத்தை எடுத்துக்கோங்க. லோனை மட்டும் எடுத்துக்காதீங்க.

கிரெடிட் கார்டுல 30,000 தேய்ச்சு மினிமம் டியூ மட்டும் கட்டினா, மாசம் மூணரை சதவீதம் வட்டின்னு வச்சாலே வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல. 18 நாள் பயணத்தை 18 மாசம் கட்டுவீங்க.

வேலையை விட்டுட்டுப் போறதா இருந்தா, ராஜினாமா லெட்டருக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க.

- கம்பெனி ஹெல்த் கவர் கடைசி வேலை நாளோட முடியும். தனிப் பாலிசி புதுசா எடுத்தா முதல் 30 நாள் விபத்து தவிர மத்த நோய்க்கு கவர் இருக்காது. அதனால ராஜினாமாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எடுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.
- கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் நெருங்கிடுச்சா? பேசிக் 18,000-ன்னா 15/26 கணக்குல அஞ்சு வருஷத்துக்கு சுமார் 51,900 ரூபாய். நாலு வருஷம் சொச்சத்துல பையைத் தூக்கினா, அந்தத் தொகை வேறு பெயர்ல வந்த டிராவல் செலவுதான்.
- பி.எஃப்.-ஐ எடுத்து ஊர் சுத்தாதீங்க. தொடர்ந்து அஞ்சு வருஷ சர்வீஸ் ஆகாம எடுத்தா வரி வரும். அது போக, 26 வயசுல எடுக்கிற 50,000 உங்க 58 வயசுல எவ்வளவு ஆகியிருக்கும்னு யோசிங்க.
- திரும்பி வந்து வேலை கிடைக்க நாலு மாசம் ஆகும்னு வச்சு வீட்டு பில்லைப் பெருக்குங்க. நம்ம உதாரணத்துல 96,000. அது தனியா இல்லைன்னா இந்த வருஷம் லீவுலயே போயிட்டு வாங்க.

வேலை உண்மையிலேயே பிடிக்கலைன்னா விடுறது உங்க உரிமை. ஆனா பயணத்தையும் வேலை மாற்றத்தையும் ஒரே முடிவா எடுக்காதீங்க. ரெண்டுக்கும் தனித்தனி பட்ஜெட்.

பத்து மாசத் திட்டம்

30 நாள் பயணம்தான் வேணும்னா: ரோடு பில் 20,500, லீவு பில் 12,000, திரும்பி வர்ற பணம் 7,500. மொத்தம் 40,000. மாசம் 4,000 வீதம் பத்து மாசம்.

போடுற இடம்: பேங்க் ஆர்.டி. பத்து மாசத்துக்குப் போடலாம். தபால் ஆபீஸ் ஆர்.டி. வேண்டாம், அது அஞ்சு வருஷத் திட்டம். ஷேர், ஈக்விட்டி ஃபண்ட் எதுவும் வேண்டாம். டிக்கெட் தேதி வர்ற வாரத்துல மார்க்கெட் இறங்கினா நஷ்டத்துல விற்கணும். இந்த 4,000-க்காக எஸ்.ஐ.பி.-யை நிறுத்துறதோ, அவசரகால நிதியைத் தொடுறதோ கூடாது.

அந்தப் பத்து மாசத்துல மூணாவது மாசமே ஒரு ஒத்திகை போடுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்துல ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ், சனிக்கிழமை பஸ்ல தனுஷ்கோடி அரிச்சல்முனை, ஒரு இரவு சத்திரத்துலயோ டார்மிட்டரியிலயோ, ஞாயிறு சாயங்காலம் திரும்பும் ரயில். திங்கள் காலையில இறங்கி ஆபீஸ். ஒரு நாள் லீவுகூட வேண்டாம். ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்க. எழுதின கணக்கை ரெண்டால வகுத்தா உங்க நிஜமான ஒரு நாள் ரோடு பில் தெரியும். அது 680-ஆ, 1,100-ஆன்னு தெரிஞ்ச பிறகு 30 நாள் பட்ஜெட் போடுங்க. வேற யாரோட வீடியோவுல வர்ற எண்ணையும் உங்க பட்ஜெட்டுல எழுதாதீங்க.

இன்னைக்கு செய்ய வேண்டியது ரெண்டே வேலை. ஹெச்.ஆர். போர்ட்டல்ல இ.எல். பேலன்ஸும் கேரி ஃபார்வர்டு விதியும் பாருங்க. அப்புறம் ஒரு பேப்பர்ல மூணு பில்லையும் தனித்தனியா எழுதுங்க. மூணாவது பில் பூஜ்யமா வர்ற தேதி எதுன்னு கண்டுபிடிச்சுட்டீங்கன்னா, உங்க பயணத்துல பாதி செலவு குறைஞ்சாச்சு.

(இங்கே உள்ள சம்பள, செலவுக் கணக்குகள் புரிதலுக்கான உதாரணங்கள். ரயில்வே, வரி விதிகள் மாறலாம், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.)